மோரீசுக்குப் போனவர்கள்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் பக்கத்து வீட்டில் கிடந்து, போன வாரம்தான் என் கைக்கு வந்தது. இரண்டு மாதம் மொரிஷியஸில், நம் பெரியவர்கள் மோரீசு என்பார்களே, அங்கே மகன் வீட்டில் இருந்தேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கடற்காற்றுக்கெல்லாம் அது மசியவில்லை.

"ஒப்பந்தக் கூலி என்பது வெள்ளைக்காரன் பெயர் மாற்றி வைத்த அடிமைத்தனம்தானே?" என்று கேட்டிருந்தாய். போவதற்கு முன் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். 1840-லேயே லண்டனில் அமைச்சராக இருந்த ருசல் பிரபு, இது 'புதிய அடிமை முறை' ஆகிவிடுமோ என்று எழுதியவர்தான்.

போர்ட் லூயி துறைமுகத்தில் பதினாறு கருங்கல் படிகள் இருக்கின்றன. கூலிகள் வந்து இறங்கிய படித்துறை அது. இப்போது அதன் பெயர் ஆப்ரவாசி காட், முன்பு கூலி காட். 1834 நவம்பர் 2-ல் 'அட்லஸ்' கப்பலில் வந்த 36 பேரில் தொடங்கி, ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் அந்தத் தீவுக்கு வந்தார்கள். அங்கே அடிமை முறை ஒழிந்ததோ 1835 பிப்ரவரி 1-ல். அடுப்பு அணையும் முன்பே அடுத்த விறகு வந்து இறங்கிவிட்டது, பார்த்தாயா? முதலாளிகளுக்கு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டஈடு. அடிமையாக இருந்தவர்களுக்குக் காலணாகூட இல்லை. மேலும் நாலு வருஷம் 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் அதே முதலாளியிடம் உழைக்க வேண்டியிருந்தது.

அந்த அடிமைகள் பெரும்பாலும் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்து வரப்பட்டவர்கள். வெள்ளைக்காரனுக்கு முன் அந்தத் தீவை ஆண்ட பிரெஞ்சுக்காரன் 1723-ல் போட்ட சட்டத்தில் அடிமை ஒரு அசையும் சொத்து, மேஜை நாற்காலி மாதிரி. ஒரு மாதம் ஓடி ஒளிந்தால் காதை அறுத்துத் தோளில் சூடு போடுவான். மறுபடி ஓடினால் முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் நரம்பை வெட்டுவான். மூன்றாம் முறை மரணம். அதைவிட என்னை உலுக்கியது வேறு: தாய் அடிமை என்றால் பிள்ளையும் முதலாளியின் சொத்து. தொட்டிலிலேயே கணக்கில் ஏற்றிவிடுவான்.

ஒப்பந்தக் கூலியாக வந்தவனுக்கு ஒரு காகிதம் இருந்தது. ஐந்து வருஷம், ஆணுக்கு மாதம் ஐந்து ரூபாய், அரிசி, பருப்பு, உப்பு, துணி. அந்தக் காகிதத்தில் ஒரு கடைசித் தேதி. பிள்ளை பிறந்தால் அது யாருடைய சொத்தும் இல்லை. என் கணக்கில் முழு வித்தியாசமும் இந்த இரண்டில்தான் இருக்கிறது. சின்ன வித்தியாசம் இல்லை அது.

ஆனால் கரும்புக் காட்டில் அன்றாடம் என்ன நடந்தது? ஒரு நாள் வரவில்லை என்றால் இரண்டு நாள் கூலி பிடிப்பு. காய்ச்சலில் படுத்தவனுக்கும் அதே கதிதான் என்று புகார்கள். வேலையை விட்டுப் போனால் ஜெயில். ஒப்பந்தம் முடிந்தவனும் புகைப்படம் ஒட்டிய சீட்டு இல்லாமல் தெருவில் நடந்தால் நாடோடி என்று பிடித்துப் போவார்கள். 1867 சட்டம் அப்படி. அந்தப் படங்களில் சிலவற்றைப் பார்த்தேன். ஒரு பெண், மூக்குத்தி, எண்ணெய் தேய்த்து இழுத்து வாரிய தலை. கேமராவை முறைத்துப் பார்க்கிறாள். நம் தெருவில் யாரோ மாதிரி இருந்தாள்.

அப்புறம், நம் ஆட்கள் எல்லோரும் கூலியாகத்தான் போனார்கள் என்று நினைக்காதே. பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கூட்டிப் போயிருக்கிறான், அடிமைகளாகவும் ஏற்றியிருக்கிறான். இந்தக் கணக்கை நாம் பேசுவதே இல்லை.

அங்கே பிப்ரவரி 1-ம் நவம்பர் 2-ம் தனித்தனி அரசு விடுமுறை. இரண்டும் ஒன்றுதான் என்று நீ அங்கே போய்ச் சொன்னால், அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்கள் சும்மா விடமாட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. ஒப்பந்தத்தில் போன நம் முன்னோர் பட்டது கொடுமைதான். ஆனால் அவர்களை யாரும் விற்கவில்லை.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டில் மோரீசுக்குப் போன பெரிய தாத்தா ஒருவர் உண்டு என்று உன் அம்மா சொல்வார்களே, பரணில் இருக்கும் தகரப் பெட்டியைக் கொஞ்சம் இறக்கிப் பார். கப்பல் பெயரோ, வருஷமோ, ஒரு எண்ணோ எதுவானாலும் எழுது. மோகாவில் மகாத்மா காந்தி நிலையத்தில் பழைய குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. மகன் போய்த் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு