அந்தத் தூளை அனுப்பவேண்டாம்

நல்லூர், யாழ்ப்பாணம்

அன்புள்ள மகளுக்கு,

குடலில் சேர்ந்த பிளாஸ்டிக்கைக் கழுவி எடுக்கும் என்று நீ சொன்ன தூளை எனக்கு அனுப்பவேண்டாம். நீயும் வாங்காதே. அதுவே பிளாஸ்டிக் போத்தலில்தானே வருகிறது!

கிழமைக்கு ஒரு வங்கி அட்டை அளவு பிளாஸ்டிக்கை விழுங்குகிறோம் என்று படித்துப் பயந்திருக்கிறாய். அந்தக் கணக்கு மிகை என்று ஆய்வாளர்கள் பலர் மறுத்துவிட்டார்கள். ஆனால் விழுங்குவது உண்மை. 2018இல் வியன்னாவில் எட்டு நாட்டவர் எட்டுப் பேரின் மலத்தைச் சோதித்தபோது எல்லோரிடமும் நுண்பிளாஸ்டிக் இருந்தது. மலத்தில் இருந்தால் வெளியேறுகிறது என்றும் அர்த்தம்; பெரிய துணுக்குகள் பெரும்பாலும் அப்படியே கழிந்துவிடும். யோசிக்கவைப்பவை மிகச் சிறியவை. சுண்டெலிகளுக்குப் பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கின் நுண்துணுக்குகளைக் கொடுத்தபோது குடற்சுவரைக் காக்கும் சளி குறைந்தது, அங்கு வாழும் பற்றீரியாக்களின் கலவையும் மாறியது. 2021இல் சீன ஆய்வாளர்கள் குடல் அழற்சி நோயாளிகளின் மலத்தில் மற்றவர்களைவிடக் கூடுதலான துணுக்குகளைக் கண்டார்கள். பிளாஸ்டிக்கால் நோய் வந்ததா, நோயுள்ள குடலில் அது தங்கிவிட்டதா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை.

எனக்குப் பயமெல்லாம் சூட்டில்தான், பிள்ளை. 2020இல் டப்ளின் ஆய்வாளர்கள் பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பால்போத்தல்களில் சுடுநீரை ஊற்றிக் குலுக்கினார்கள். லீற்றருக்கு 16 மில்லியன் துணுக்குகள் வரை வந்தன. பேரனுக்குப் பால்மாவைக் கண்ணாடிப் பாத்திரத்தில் கரைத்து, ஆறவிட்டுப் போத்தலில் ஊற்று. நீ சோற்றைப் பிளாஸ்டிக் பெட்டியோடு மைக்ரோவேவில் வைப்பதையும் விடு. இங்கே 2017இலேயே சோறு கட்டும் பொலித்தீன் தாளை, அதுதான் லஞ்ச் சீற்றை, தடைசெய்தார்கள். ஆனாலும் கொதிக்கக் கொதிக்கச் சொதியைப் பையில் ஊற்றிக் கட்டித்தருகிறார்கள். அப்பா இப்போது மூடியுள்ள சில்வர் பாத்திரம் கொண்டுபோகிறார். கடைக்காரர் முதலில் சிரித்தாராம்.

தூளுக்குச் செலவழிக்கும் காசுக்குப் பயறும் கீரையும் வாங்கு. நார்ச்சத்தைக் குடல் பற்றீரியாக்கள் நொதிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட்தான் பெருங்குடற் சுவரிலுள்ள கலங்களுக்குப் பிரதான உணவு. அது பிளாஸ்டிக்கை வெளியேற்றும் என்று நான் சொல்லவரவில்லை. அந்தச் சுவர் நன்றாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். ஒடியல் மாவும் குரக்கன் மாவும் பார்சலில் வருகின்றன. பொலித்தீன் பையில்தான் கட்டியிருக்கிறேன், சிரிக்காதே. ஈரமும் சூடும் இல்லாத மா, தபாலுக்கு வேறு வழியும் இல்லை.

உன் வயிற்றுப்பொருமல் இன்னும் நீடித்தால் வைத்தியரிடம் காட்டு. எல்லாப் பழியையும் பிளாஸ்டிக்கின் தலையில் போட்டுவிட்டு இருந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா