பரணில் தப்பித்த புத்தகங்கள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது.

பரணைச் சுத்தம் செய்யும்போது உன் பழைய அறிவியல் புத்தகங்களை இறக்கி வெயிலில் பரப்பினேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ் அலமாரியிலிருந்த நல்ல நூல்கள் எல்லாம் ஊறிப்போக, யாரும் மதிக்காமல் மேலே போட்டு வைத்திருந்த இவை மட்டும் தப்பித்துக்கொண்டன. மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியாக மலிவு விலைக்கு வந்தவை சில. தாத்தா பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கி வந்தவை சில.

தமிழாசிரியையாக இருந்தவள் சொல்கிறேன், அவற்றின் தமிழ் மோசமான தமிழ். எழுவாய் ஒரு பக்கத்தில் கிடக்கும், பயனிலையைத் தேடி அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். தாமிரபரணியில் குளித்து வளர்ந்த பிள்ளைக்கு, உறைந்த ஆற்றையும் சறுக்கு வண்டியையும் காட்டியே எல்லாவற்றையும் விளக்குவார்கள். ‘படம் 14 பார்க்க’ என்று இருக்கும். அங்கே போனால் வேறு ஏதோ ஒரு படம் இருக்கும். கிளியின் மூக்குச் சிவப்பு வரைகோட்டைத் தாண்டி விலகி, மூக்குக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும். டைனோசர்கள் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கும். ஒரு நூலில் மனிதன் இன்னும் நிலவுக்குப் போயிருக்கவில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியவற்றில் ‘லை’யும் ‘னை’யும் துதிக்கையோடு நிற்பதைப் பார்த்து, நீ அவற்றை யானை எழுத்து என்பாய்.

ஆனாலும் நீ திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தவை இவைதாம். இப்போது அண்ணன் மகனுக்கு வாங்கிக் கொடுக்கும் வழவழப்பான புத்தகங்களில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளை செய்வதற்கும் அவற்றில் ஒன்றும் இல்லை. இந்தப் பழைய நூல்களிலோ, எழுதியவர் தட்டுத் தடுமாறி ஆசையோடு பாதி வழி கூட்டிப்போய் விட்டுவிடுவார். மீதி வழியைப் பிள்ளைதான் நடக்க வேண்டும். நீ நடந்தாய்.

மெழுகுவர்த்திச் சோதனை உள்ள பக்கத்தில் இன்னும் மெழுகுக் கறை இருக்கிறது. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால், எரியும்போது பிராணவாயு செலவாவதால் அந்த இடத்தை நிரப்ப ஐந்தில் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஏறும் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் எரியும்போதே அல்லவா ஏற வேண்டும், அணைந்த பிறகு ஏன் விறுவிறுவென்று ஏறுகிறது என்று கேட்டாய். இரண்டு மெழுகுவர்த்திகளை வைத்துப் பார்த்தாய், இன்னும் உயரமாக ஏறியது. சுடரின் சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் வெளியேறிவிடுகிறது, மிஞ்சியது குளிர்ந்து சுருங்குவதால்தான் தண்ணீர் மேலே வருகிறது என்பதைப் பிற்பாடு நீயே எங்களுக்கு விளக்கினாய். தாத்தா அதைத் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

எதிர்பார்த்த விடை வராதபோது நீ எவ்வளவு உற்சாகமாக இருப்பாய் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ‘ஆராய்ச்சியில் எதுவும் சரியாக வரவில்லை அம்மா’ என்று ஒரு இரவு போனில் சோர்ந்து சொன்னாய். அதன்பின் நீயாகப் போன் செய்யவில்லை. பொங்கலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வரவும் இல்லை; அப்பா வெளிக்காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் ஜங்ஷன் பக்கம் போய்வந்தபடியே இருந்தார். ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று நான் கேட்கவில்லை. சாப்பாட்டைத்தான் கேட்கிறேன். இரவில் வெறும் காப்பியோடு படுத்துவிடாதே. வாரத்தில் ஒருநாளாவது நேரத்தோடு தூங்கு. சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார், வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று இருக்காதே.

அந்தப் புத்தகத்தை அட்டை போட்டுப் பார்சலில் அனுப்புகிறேன். ஒன்று மட்டும் நீ எழுதி அனுப்ப வேண்டும். டம்ளருக்குள் பிராணவாயு முழுவதும் தீர்ந்துபோவதில்லை, கணிசமாக மீதி இருக்கும்போதே சுடர் அணைந்துவிடுகிறது என்று சின்னவனிடம் சொன்னேன். மீதி இருக்கும்போது ஏன் அணைய வேண்டும் என்று கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று கூறியிருக்கிறேன். அவன் தினமும் பள்ளிவிட்டு வந்ததும் கேட்கிறான்.

அன்புடன்,
அம்மா
வண்ணார்பேட்டை