ஜூன் 5க்குக் கன்று கேட்காதீர்கள்: கொங்குக் கல்லூரிகளுக்கு ஒரு நாற்றங்கால்காரனின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர்களுக்கும், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும், கோடை விடுமுறையில் மாணவர்களைத் தோட்ட வேலைக்கும் இயற்கைப் பாதுகாப்புப் பணிக்கும் அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே சிறிதாக ஒரு நாற்றங்கால் நடத்துகிறேன். வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், இலுப்பை என்று பெரும்பாலும் நாட்டு மரக்கன்றுகள்தான். மற்ற மாதங்களில் ஈயோட்டினாலும் மே கடைசி வாரத்தில் என் தொலைபேசி ஓயாது. "ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள், நிறையக் கன்று வேண்டும், கொஞ்சம் உயரமாக இருக்கட்டும், போட்டோவில் தெரிய வேண்டும்" என்பார்கள். இந்த விற்பனை நின்றால் முதலில் அடிபடுவது நான்தான். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பக்கத்து மண்ணுக்கு மே, ஜூன் நடவுப் பருவம் அல்ல. கோடைத் திட்டத்தில் மாணவர்களை நட வைக்காதீர்கள். விதை எடுக்க வையுங்கள், நாற்று வளர்க்க வையுங்கள், ஏற்கெனவே நட்டதைக் காப்பாற்ற வையுங்கள்.

ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று செய்தி வரும். வால்பாறைக்கும், ஆனைமலை அடிவாரத்துக்கும், சிறுவாணி மலையை ஒட்டிய ஊர்களுக்கும் அந்த மழையில் பங்கு உண்டு. அங்கிருக்கும் கல்லூரிகள் ஜூனில் நடட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. கிழக்கே வர வர மழை தேய்ந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வந்து சேர்வது வெறும் காற்றுதான். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காடுகளில் (எங்கள் பேச்சில் காடு என்றால் புன்செய் நிலம்) காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது சும்மா இல்லை.

ஆனி, ஆடி முழுக்க அந்தக் காற்று கன்றின் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிதாக நட்ட கன்றின் வேர் இன்னும் மண்ணைப் பிடித்திருக்காது. இலையில் போகிற நீரை அந்த வேரால் ஈடுகட்ட முடியாது. போட்டோவுக்காகக் கேட்டு வாங்கிய உயரமான கன்று என்றால் இன்னும் மோசம். காற்று தலையைப் பிடித்து ஆட்டும்போது தண்டின் அடியில் மண் விலகிப் பள்ளம் விழும், அரும்பிய புது வேரும் அறுந்துபோகும். பையில் அதிக நாள் கிடந்து வளர்ந்ததால் அதற்கு வேரும் சுருண்டிருக்கும். நமக்கு உருப்படியான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதுவரை யார் தண்ணீர் ஊற்றுவது? மாணவர்கள் வகுப்புக்குப் போய்விடுவார்கள். கல்லூரியின் ஒற்றைத் தோட்டக்காரர், முகப்புப் புல்வெளிக்கே தண்ணீர் போதாமல் குழாயும் கையுமாக நிற்பார். ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், போன ஆண்டு கன்று பட்டுப்போன அதே குழிகளிலேயே மறுபடி நட்டார்கள். குழி தோண்டும் கூலி மிச்சம் என்றார் அங்கிருந்த ஒருவர்.

சரி, கோடையில் வேறென்ன செய்வது? விதை பொறுக்கலாம். புங்கங்காய் சித்திரையிலேயே காய்ந்து மரத்தடியில் கொட்டிக் கிடக்கிறது. வேப்பம்பழம் வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆடி வரை உதிரும். நாவலும் இலுப்பையும் ஆனியை ஒட்டி வரும்.

வேம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளையைப் பிடித்துப் பச்சைக் காயை உருவக் கூடாது. மஞ்சளாகக் கனிந்து, இரவில் விழுந்ததை விடியற்காலையில் பொறுக்க வேண்டும். வாளித் தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்தால் கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். சதையும் சொத்தையும் மிதக்கும், அவற்றை வடித்துவிடலாம். அடியில் தங்கியதை அலசி, நிழலில் சாக்கின் மேல் பரப்பி வைக்க வேண்டும். வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து டப்பாவில் அடைத்தால் எண்ணெய்க்கு ஆகும், முளைப்புக்கு ஆகாது. வேப்ப விதையின் உயிர் சில வாரங்கள்தான். நாவல் விதை உலர்ந்தாலே செத்துவிடும். பொறுக்கிய கையோடு விதைக்க வேண்டிய விதைகள் இவை. ஆகவே குறுகிய காலத்தில் நிறையக் கைகள் தேவைப்படுகின்றன. கல்லூரிப் பிள்ளைகளுக்கு விடுமுறையும் இதையொட்டித்தான் வருகிறது.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து பைகளை நிரப்ப வேண்டும். தரையில் தட்டித் தட்டி வாய்வரை நிரப்ப வேண்டும். அரைகுறையாக விட்டால் பையின் வாய் மடிந்துகொள்ளும், பூவாளியில் ஊற்றுகிற தண்ணீர் உள்ளே போகாது. பொறியியல் படிக்கும் பையன்களுக்கு இது முதல் நாள் பிடிபடாது. பிடிபட்ட பிறகு என்னைவிட வேகமாக நிரப்புகிறார்கள். ஐப்பசிக்குள் நாற்று சாண் உயரமாவது வந்துவிடும். காட்டு மண்ணில் சீக்கிரம் வேர் பிடிப்பது அந்தச் சின்னக் கன்றுதான்.

கிடைக்கிற மற்ற நேரத்தில் பழைய கன்றுகளுக்குப் பாத்தி கட்டலாம், காய்ந்த இலையையும் தென்னை மட்டையையும் மூடாக்காகப் போடலாம். ஒரு கோடை மழை பெய்தால் மறுநாளே பார்த்தீனியம் களையைப் பிடுங்கலாம், ஈர மண்ணில் வேரோடு வரும். பூப்பதற்கு முன் பிடுங்க வேண்டும், கையுறை இல்லாமல் தொட விடக் கூடாது. அந்தச் செடி சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சிரைப்பையும் கொண்டுவரும். முகாமுக்குப் பேனர் அடிக்கும் காசில் கையுறை வாங்கிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. இயற்கைப் பாதுகாப்பு என்றாலே மரம் நடுவது என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காடுகளை, சித்திரையில் பார்த்தால் வெளியாள் கண்ணுக்குத் தரிசாகத்தான் தெரியும். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே காய்ந்த கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேலான் மரம். காங்கேயம் மாடும் செம்மறியும் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலம் அது. வெள்வேலான் நெற்று உதிர்ந்து கோடையில் ஆட்டுக்குத் தீனியாகிறது. மழை விழுந்தால் புல் தூரிலிருந்து பச்சை கிளம்பிவிடும். அந்த நிலத்துக்குள் போய்க் குழி வெட்டி நெருக்கமாக மரம் வைத்தால், நிழலில் புல் போய்விடும், மாட்டின் மேய்ச்சலும் போய்விடும். இன்டர்ன்ஷிப் வருகிற பிள்ளைகளுக்கு இங்கே வேறு வேலை இருக்கிறது. காட்டுக்காரப் பெரியவரோடு வேலியோரமாக நடந்து, அவர் சொல்லும் செடிகளின் பெயரைக் குறித்துக்கொள்ளட்டும். வேலியில் எங்கே இடைவெளி விழுந்திருக்கிறது, சீமைக்கருவேல் எங்கே நுழைந்திருக்கிறது, எந்தக் காடு வீட்டுமனையாகிவிட்டது என்று வரைபடம் போடட்டும். அவர்கள் எழுதும் பிராஜெக்ட் அறிக்கையை நானே காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.

தன்னார்வலரும் இன்டர்னும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். சில காலைகள் வந்து உதவிவிட்டுப் போகிறவருக்கு மோரும் நன்றியும் போதும். மாதக்கணக்கில் தங்கி, தினமும் தண்ணீர் ஊற்றி, பதிவேடு எழுதுகிறவருக்குச் சான்றிதழை மட்டும் நீட்டுவது நியாயமில்லை. நூறு நாள் வேலைக்குக்கூட 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். அதில் பாதியாவது உதவித்தொகையாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் பஸ் செலவுக்கு வழியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வருவார்கள், மண்வெட்டி பிடித்துப் பழகிய வீட்டுப் பிள்ளை விடுமுறையில் பனியன் கம்பெனிக்குப் போய்விடும். உங்கள் தோட்டக்காரரை ஓரமாக நிற்கவைத்துவிட்டு வெளியூரிலிருந்து பேச்சாளரை அழைக்காதீர்கள். அவரே கற்றுக்கொடுக்கட்டும், அந்த மதிப்பூதியம் அவர் கைக்குப் போகட்டும். வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடியட்டும். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லாத இடத்தில் முகாமே போட வேண்டாம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவருக்கு இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் இருக்கிறது. அதில் ஒரு பகுதியைக் கோடையில் விதை பொறுக்கவும் நாற்று வளர்க்கவும் வையுங்கள், மறுபகுதியை ஐப்பசி நடவுக்கு ஒதுக்குங்கள். விதைத்த பிள்ளையே நட்டால், தண்ணீர் ஊற்றச் சொல்லி யாரும் அதை விரட்ட வேண்டியிருக்காது.

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்கிறது. நட்ட கணக்கால் பரப்பு உயராது. உங்கள் ஆண்டறிக்கையில் 'நட்ட கன்றுகள்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், 'அடுத்த சித்திரையில் உயிரோடு இருப்பவை' என்று ஒரு கட்டம் சேர்த்துப் பாருங்கள்.

என் நாற்றங்காலில் நிழல்வலைக்குக் கீழே இடம் இருக்கிறது. செம்மண்ணும் பைகளும் நான் தருகிறேன், பிள்ளைகளை அனுப்புங்கள். வழக்கம்போல ஜூன் 5க்குக் கன்று கேட்டு அழைத்தாலும் இல்லையென்று சொல்ல மாட்டேன். அக்டோபருக்கு என்று பதிவு செய்துகொள்கிறேன், அதே விலைக்குத் தருகிறேன்.

இப்படிக்கு,
பல்லடம்–தாராபுரம் சாலையில் நாற்றங்கால் நடத்தும் ஒருவன்