மகளே, இந்தக் கோடைக்கு முன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய படத்தை அப்பா பெரிதாக்கி, பாப்பாவுக்கு முன்பல் விழுந்திருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் கண் அவள் தலைக்கு மேலே போனது. கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் தகரக் கால்வாய் நிறைய யூகலிப்டஸ் சருகு. நீளநீளமாக உரிந்த பட்டை ஒன்று வெளியே தொங்குகிறது. டிசம்பர் பிறந்துவிட்டது, உங்கள் ஆஸ்திரேலியாவில் கோடையும் வந்துவிட்டது, இன்னும் அதை வாரவில்லையா?

போன கோடையில் காட்டுத்தீ வரும் என்று கிளம்பிப் போனோம், ஒன்றுமே நடக்கவில்லை, இந்தத் தடவை மாப்பிள்ளை வெளியேறாமல் வீட்டிலேயே இருந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்வார் என்று சொன்னாய். அந்தப் பேச்சிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

இங்கே மலேசியாவில் நமக்குப் புகை புதிதல்ல. 1997, 2015, 2019 எல்லாம் உனக்கே ஞாபகம் இருக்கும். சுமத்ராவில் பீட் என்கிற மக்கிய சதுப்பு மண் எரிந்தால் பட்டர்வொர்த் ஃபெர்ரித் துறையில் நின்றாலும் எதிரே பினாங்கு தீவு தெரியாது. பள்ளிக்கூடத்தை மூடுவார்கள், ஜன்னலை அடைத்துக்கொண்டு மழைக்காகக் காத்திருப்போம். ஆனால் நெருப்பு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதுவும் மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே கிடக்கிற நெருப்பு. காத்திருந்து பார்க்கலாம் என்ற பழக்கம் உனக்கு இங்கிருந்து வந்தது. அந்தப் பழக்கம் நீ இருக்கிற பெண்டிகோவுக்கு ஆகாது, கண்ணு.

2009 பிப்ரவரி 7, கறுப்புச் சனி. மெல்பர்னில் வெயில் 46.4 டிகிரி. உங்கள் விக்டோரியா மாநிலத்தில் காட்டுத்தீயில் 173 பேர் போய்ச் சேர்ந்தார்கள், அதில் 113 பேர் வீட்டில் இருந்தபடியே. நன்றாகத் தயாராக இருந்தவர்களும் அதில் உண்டு. வடக்கிலிருந்து அடித்த காற்று சாயங்காலம் தென்மேற்குக்குத் திரும்பியதும், நெருப்பின் நீண்ட பக்கவாட்டு முழுவதும் முகப்பாக மாறிப் பாய்ந்துவிட்டது. அன்றைக்கு உங்கள் பெண்டிகோவின் மேற்கு ஓரமும் எரிந்தது. டவுனில் இருக்கிறோம் என்ற தைரியம் வேண்டாம்.

மாப்பிள்ளை தண்ணீர்க் குழாயை நம்புகிறார். கரண்ட் போனால் பம்பு நின்றுவிடும். தெருவே ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூலாகத்தான் வரும். போன் கோபுரம் எரிந்தால் அவர் உன்னைக் கூப்பிடவும் முடியாது. நெருப்பு வருவதற்கு முன்னாலேயே பொறி வந்து விழும், காற்று தூக்கினால் 30 கிலோமீட்டர் தாண்டியும் விழும். பெரும்பாலான வீடுகளைக் கொளுத்துவது அந்தப் பொறிதான். கால்வாய்ச் சருகு, வாசலில் நான் வாங்கிக் கொடுத்த தென்னை நார் மிதியடி, ஓட்டு இடுக்கு, எங்கே விழுந்தாலும் போதும். அப்புறம் அந்த அனல். தீ மேலே படாமலேயே ஆளைக் கொன்றுவிடும். அவர் நல்ல உழைப்பாளி, பயந்தவரும் இல்லை. உழைப்பையும் தைரியத்தையும் வைத்து இதை நிறுத்த முடியாது என்று அவரிடம் சொல்.

2017 நவம்பர் 4 ராத்திரி இங்கே வெள்ளம் வந்தபோது நீ அங்கே இருந்தாய், படத்தில்தான் பார்த்தாய். தண்ணீர் வாசற்படியைத் தொட்டதுமே அப்பா எங்களைக் கிளப்பிவிட்டார். பின் வரிசை அத்தை மட்டும் பீரோவை மேலே தூக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்று நின்றார். இடுப்பளவுத் தண்ணீரில் படகு வைத்து அவரைத் துயர் துடைப்பு மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். விடிகிற வரை அவர் கையில் ரைஸ் குக்கர் மூடி ஒன்று இருந்தது. அதை ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. தண்ணீராவது அவருக்கு நேரம் கொடுத்தது.

2022 செப்டம்பரிலிருந்து உங்கள் நாடு முழுக்கத் தீ அபாயத்துக்கு நான்கு படிதான். கடைசிப் படி, பேரழிவு என்று அறிவித்தால் முதல் நாள் ராத்திரியே மெல்பர்னில் உன் தோழி வீட்டுக்குப் போய்விடு. தப்பினால் விடிகாலையில். 150 கிலோமீட்டர், பாப்பா தூங்கியபடியே வந்துவிடுவாள். அந்த நேரத்தில் எங்கேயும் நெருப்பு இருக்காது, வானம் நீலமாக இருக்கும், கிளம்ப மனசே வராது. தெரியும். ஆனால் புகையைப் பார்த்த பிறகு ஊரே ஒரே சாலையில் கிளம்பினால் என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர் 2018 நவம்பரில் பார்த்தது. அங்கே 85 பேர்.

போய்விட்டு மறுநாள் வீடு அப்படியே இருந்தால் அது வீண் அலைச்சல் இல்லை. ஒவ்வொரு கோடையிலும் அப்படியே போய் வா. பெட்ரோல் செலவுக்கு நான் பணம் அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பாஸ்போர்ட், பாப்பாவின் பிறப்புச் சான்று, அவளுடைய இழுப்பு மருந்து, பேட்டரி ரேடியோ, எல்லாம் ஒரே பையில் கதவோரம் இருக்கட்டும். காரில் கம்பளிப் போர்வை போட்டு வை. நைலான் துணி வேண்டாம், சூட்டில் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் படங்களை நினைத்துத் திரும்பி உள்ளே போகாதே, எல்லாவற்றுக்கும் இங்கே நகல் இருக்கிறது.

பொங்கல் விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி நடுவில் வருகிறது, உங்களுக்கு அதுதான் உச்சக் கோடை. பின்கட்டில் விறகு மூட்டிப் பானை வைக்க வேண்டும் என்று பாப்பாவுக்கு ஆசை காட்டியிருக்கிறாய். அன்றைக்கு வெளியே நெருப்பு மூட்டக்கூடாது என்று முழுத் தீத்தடை அறிவித்தால் சமையலறை அடுப்பிலேயே வை. ஜன்னலைத் திறந்தால் சூரியன் தெரிகிறதல்லவா, அது போதும். பானை பொங்கினால் சரி.

வெள்ளிக்கிழமை ராத்திரி உங்கள் நேரம் ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன். அதற்குள் கால்வாயை வாரிவிட்டு ஒரு படம் அனுப்பு. அப்புறம் போனை மாப்பிள்ளையிடம் கொடு, அவரிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா
பட்டர்வொர்த், பினாங்கு