ஒரு சொட்டு சீரமும் சினைப்பைப் புற்றுநோயும்: மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய ஸ்பெக்ட்ரங்களை, கருவி வரைந்த அந்தக் கோடுகளை, எல்லாம் பார்த்துவிட்டேன். போனில் பேசினால் நான் ஒன்று கேட்பதற்குள் நீ மூன்று சொல்லிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஐஆர் என்கிற அகச்சிவப்பு ஒளிக் கருவியோடுதான் என் வேலைக்காலம் போனது. பொட்டாசியம் புரோமைடோடு சேர்த்து அரைத்து, வில்லையாக அழுத்தி, வந்திருக்கும் மூலப்பொருள் சீட்டில் எழுதியிருப்பதுதானா என்று பார்க்கிற வேலை. அதே கருவியை வைத்து ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து சினைப்பைப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள், அதில் என் பிள்ளைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும்.

சித்தியை நினைக்காமல் இதைப் படிக்க முடியவில்லை. நீ அப்போது சின்னப் பையன். வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, இரண்டு வாய் சாப்பிட்டாலே போதும் என்று ஆகிவிடுகிறது, அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருக்கிறது, அடிவயிற்றில் வலி. அவள் சொன்னது இவ்வளவுதான். வாயுத்தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கண்டுபிடித்தபோது வயிற்றில் நீர் கோத்திருந்தது, மூன்றாம் நிலை. இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இப்படித்தான், பரவிய பிறகுதான் தெரிகிறது. உலகம் முழுக்க ஆண்டுக்கு 3 லட்சம் பெண்களுக்கு மேல் வருகிறது, ஏறத்தாழ 2 லட்சம் பேர் இறக்கிறார்கள். சினைப்பையோடு நிற்கும்போதே பிடித்துவிட்டால் 100-ல் 90 பேருக்கு மேல் ஐந்து ஆண்டைத் தாண்டுகிறார்கள். தூரத்துக்குப் பரவிவிட்டால் 30 பேரைப் போலத்தான். அதிகம் காணப்படும் வகை பல பேருக்குச் சினைப்பையில் தொடங்குவதுகூட இல்லை. கருக்குழாயின் நுனியில், ஸ்கேனுக்குத் தட்டுப்படாத அளவில் தொடங்கி அங்கிருந்து உதிர்ந்து வருகிறது என்கிறார்கள். அதனால்தான் ரத்தத்தில் தேடுகிறோம்.

இப்போது கையில் இருப்பது சிஏ 125, ரத்தத்தில் அளக்கும் ஒரு புரதம். ராபர்ட் பாஸ்ட் குழுவினர் 1981-ல் கண்டுபிடித்தது. அளவு 35 அலகுக்கு மேல் போனால் சந்தேகம். ஆனால் முதல் நிலையில் இருக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு அது ஏறுவதே இல்லை. கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் ஏறும், கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தாலும் ஏறும், கர்ப்பத்தில் ஏறும், மாதவிலக்கு நாட்களில்கூட ஏறும். சிகிச்சை கேட்கிறதா, நோய் திரும்பி வருகிறதா என்று பார்க்க நல்ல துணைதான். அதை மட்டும் நம்பி ஆரம்பத்திலேயே பிடித்துவிட முடியாது.

ஐஆர் வேறு வழியில் போகிறது. எந்தப் புரதத்தையும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. மூலக்கூறில் அணுக்களுக்கு நடுவில் இருக்கும் பிணைப்பு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வேகத்தில் அதிரும், அந்த வேகத்துக்கு ஒத்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு ஒளி எங்கே குறைந்தது என்பதுதான் நீ பார்க்கிற கோடு. 1650 அலை எண்ணுக்கு (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற கணக்கு) பக்கத்தில் நிற்கும் பெரிய முகடும் அடுத்து 1550-ல் வருவதும் புரதத்துடையவை. 1740-ல் கொழுப்பு. 1240-லும் 1080-லும் டிஎன்ஏ, ஆர்என்ஏவில் உள்ள பாஸ்பேட் தெரியும், அதைச் சுற்றிச் சர்க்கரைப் பகுதிகள். நோய் ஒரு பொருளை மட்டும் மாற்றுவதில்லை, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றுகிறது. அந்தக் கொஞ்சங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சாயல் கிடைக்கும் என்பதுதான் நம்பிக்கை. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தில் பிரிந்த ஒளியில் சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது அது ஏறியது. அந்த ஒளிதான் இது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2013-ல் ரத்தத்தில் செல்களை நீக்கினால் கிடைக்கும் பிளாஸ்மாவையும், ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தையும் இப்படிப் பார்த்து, நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் நன்றாகவே பிரித்துக் காட்டினார்கள். பார்த்தது சில பத்துப் பேரைத்தான். ஆனாலும் இது வெறும் கனவு இல்லை என்று எனக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான்.

சரி, நான் பேச வந்த இடத்துக்கு வருகிறேன். ஸ்பெக்ட்ரத்தை வைத்து நோய் உண்டா இல்லையா என்று சொல்லும் உன் கணினி மாடல் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகச் சொல்கிறது என்கிறாய். அது நோயைப் பார்த்துத்தான் சொல்கிறதா?

கருவியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய் என்று வை. மாதிரி வைக்கும் இடத்தைத் திறந்து ஒரு மூச்சு விட்டால் போதும், 2350 பக்கத்தில் கரியமில வாயுவின் இரட்டைக் கோடு எழும்பும். காற்றின் ஈரம் 1400-க்கும் 1800-க்கும் நடுவில் ஊசி ஊசியாகக் குத்தி நிற்கும், அதுவும் சரியாகப் புரத முகடுகளின் மேலேயே. அப்புறம் அந்தச் சொட்டு. தண்ணீர் 1640 பக்கத்தில் ஒளியை விழுங்கிவிடுவதால் சீரத்தைக் கருவியின் வைரப் பரப்பின் மேல் காயவிடுகிறீர்கள். அது காய்வதைக் குனிந்து பார்த்திருக்கிறாயா? புரதம் ஓரத்துக்கு நகர்ந்து தடித்த வளையமாக நிற்கும், நடுவில் மெல்லிய படலம், கடைசியில் விரிசல் விடும். ஒளி அந்தப் பரப்புக்கு மேலே ஓரிரு மைக்ரான்தான் எட்டிப்பார்க்கிறது. ஓரத்தில் எடுத்த ஸ்பெக்ட்ரமும் நடுவில் எடுத்ததும் ஒரே பெண்ணுடையவை என்றாலும் ஒன்றாக இருக்காது.

நோயாளிகளின் ரத்தம் அறுவைக்கு முன் வெறும் வயிற்றில் எடுத்ததாகவும், மற்றவர்களுடையது சாப்பிட்டுவிட்டு வந்து கொடுத்ததாகவும் இருந்தால் 1740-ல் வித்தியாசம் கட்டாயம் வரும், புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பிளாஸ்மா என்றால், ரத்தம் உறையாமல் இருக்கக் குழாயில் சேர்த்திருப்பது சிட்ரேட்டா ஈடிடிஏவா என்று கேள். இரண்டுமே ஐஆரில் தெரியும். வயதைப் பார். உறைய வைத்து எத்தனை முறை உருக்கினார்கள், ஒரு குழுவை ஒரு வாரமும் இன்னொன்றை அடுத்த வாரமும் அளந்தார்களா, எல்லாம் கேள். முக்கியமாக ஒன்று: ஒரு பெண்ணிடமிருந்து பல ஸ்பெக்ட்ரம் எடுக்கிறீர்களே, அவற்றில் சில பயிற்சிக்கும் சில சோதனைக்கும் போயிருந்தால் மாடல் அந்தப் பெண்ணையே அடையாளம் வைத்துக்கொள்ளும், நோயைக் கற்றுக்கொள்ளாது. பிரிப்பதை ஆள் வாரியாகப் பிரி. இன்னொரு மருத்துவமனையில், இன்னொரு கருவியில் எடுத்த மாதிரிகளை உன் மாடலுக்குக் காட்டும்வரை அந்த எண்ணைப் பெரிதாக வெளியே சொல்லாதே.

நான் இவ்வளவு கெடுபிடியாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்கள் 10,000 பேரைச் சோதிக்கிறாய் என்று வை. அவர்களில் ஏறக்குறைய 4 பேருக்குத்தான் இந்த நோய் இருக்கும். நோய் இல்லாதவர்களில் 95 சதவீதத்தினரை உன் சோதனை சரியாக விட்டுவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் 500 பேருக்கு ‘இருக்கலாம்’ என்று வரும். மார்பகக் கட்டியைப் போல ஊசி போட்டுப் பார்க்கலாமா என்றால், கட்டி உடைந்து செல்கள் வயிற்றுக்குள் சிதறிவிடும் என்ற பயத்தில் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பெரும்பாலும் அறுவைதான். அமெரிக்காவில் 78,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. சிஏ 125-ம் ஸ்கேனும் சேர்ந்து 3,285 பேருக்கு இல்லாத நோயை இருக்கலாம் என்று சொல்லியிருந்தன. அவர்களில் 1,080 பேர் அறுவைக்குப் போனார்கள், 163 பேருக்குக் கடுமையான சிக்கல் வந்தது. நோயே இல்லாத பெண்கள், கண்ணா! இறப்பும் குறையவில்லை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை நீண்டகாலம் தொடர்ந்து பார்த்து 2021-ல் வெளியிட்ட முடிவிலும் அதேதான். சிலருக்குக் கொஞ்சம் முன்னதாகவே பிடிபட்டது, ஆனாலும் உயிர் காப்பாற்றப்பட்டதாக எண்ணிக்கை காட்டவில்லை.

அதற்காக விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. எல்லாப் பெண்களையும் சோதிக்கும் கனவை இப்போதைக்கு ஓரமாக வை, அவ்வளவுதான். சித்தி மாதிரி உப்புசம், வலி என்று ஏற்கெனவே மருத்துவரிடம் வந்து நிற்கிறவர்களையும், ஸ்கேனில் கட்டி தெரிந்து இது என்ன கட்டி என்று காத்திருக்கிறவர்களையும் எடுத்துக்கொள். அப்படிக் கட்டியோடு வரும் 1,000 பேரில் 200 பேருக்குப் புற்று என்று வை. நோய் உள்ளவர்களிலும் இல்லாதவர்களிலும் உன் சோதனை 90 சதவீதம் சரி என்றால், ‘இருக்கலாம்’ என்று வருகிற 260 பேரில் 180 பேருக்கு நிஜமாகவே இருக்கும். அதே சோதனைதான், ஆனால் இங்கே அதற்கு மதிப்பு வருகிறது. யாரை நாளைக்கே புற்றுநோய் அறுவை நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று ஒரு சாதாரண மருத்துவர் முடிவெடுக்க அது உதவும். சொட்டு காய்ந்துவிட்டால் அளக்கச் சில நிமிடம் போதும், ஒவ்வொரு முறையும் விலை உயர்ந்த வினைப்பொருள் வாங்க வேண்டியதில்லை. பெரிய வசதி இல்லாத ஆய்வகத்திலும் இதை வைக்கலாம் என்பதால்தான் எனக்கு இதன் மேல் இவ்வளவு ஆசை.

உன் பேராசிரியரிடம் கேட்டு இரண்டு விஷயம் எனக்கு அனுப்பு. மாதிரி வைக்காமல் எடுத்த வெற்று ஸ்பெக்ட்ரங்கள், தேதி வாரியாக. அப்புறம் இரண்டு குழுக்களின் வயதும் ரத்தம் எடுத்த நேரமும் உள்ள பட்டியல், பெயர்கள் வேண்டாம். மாடலை நீ பார்த்துக்கொள், அது எனக்குப் புரியாது. வெற்றுக் கோடுகளை நான் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். கண்ணாடி மாற்றியாகிவிட்டது, இப்போது நன்றாகத் தெரிகிறது.

அன்புடன்,
அம்மா