பூரி சுடத் தெரியாத அந்த அம்மாவின் பெயர்

பழைய படங்களை ஒளிபரப்பும் தொலைக்காட்சி நிலையங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருவர் 'அறிவாளி' படத்துப் பூரி காமெடியைப் போட்டீர்கள். கீழே பட்டையில் 'தங்கவேலு - சரோஜா' என்று இருந்தது. அது டி.பி.முத்துலட்சுமி, ஐயா. எம்.சரோஜா தங்கவேலுவோடு கலக்கியது 1959-ல் வந்த 'கல்யாண பரிசு' படத்தில். நிஜத்திலும் அவர்தான் மனைவி என்பதால், தங்கவேலு பக்கத்தில் எந்தப் பொம்பளை நின்றாலும் சரோஜா என்று முடிவுகட்டி விட்டீர்கள் போல.

முத்துலட்சுமி தூத்துக்குடிக்காரர். 1986 வரை தூத்துக்குடி எங்கள் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. ஜில்லா பிரிந்தாலும் எங்கள் உரிமை பிரியவில்லை. 'அறிவாளி' வந்தது 1963-ல். புருஷன் பூரி சுடச் சொல்லிக்கொடுக்கிறார். இந்த அம்மாவோ எல்லாம் தெரிந்த மாதிரி மிதப்பாக நிற்கிறார். அவர் அப்படி அசையாமல் நிற்பதால்தான் தங்கவேலுவின் எரிச்சல் ஏறிக்கொண்டே போகிறது. அந்தச் சிரிப்பில் சரிபாதி முத்துலட்சுமியின் சம்பாத்தியம்.

கதாநாயகிக்குப் போஸ்டர் உண்டு. குணச்சித்திர நடிகைக்கு என்ன உண்டு? படம் தொடங்கும்போது எழுத்துப் போடுவார்களே, அந்தச் சில நிமிஷம்தான். நீங்கள் முதலில் கத்தரி வைப்பதும் அதில்தான்.

எங்கள் பெரியம்மைக்கு எழுபது தாண்டிவிட்டது. முகத்தைப் பார்த்ததும் என்ன படம், எந்தக் கொட்டகையில் பார்த்தது என்பதெல்லாம் சொல்லிவிடுவாள். பெயர் மட்டும் நாக்கு நுனியில் நிற்கும். "எழுத்துப் போடும்போது பாத்துக்கிடுவோம்" என்று டிவி முன்னால் காத்திருப்பாள். உங்கள் படமோ எழுத்தே இல்லாமல் கதைக்குள் குதித்துவிடும். "யாரு ஆச்சி அது?" என்று பேத்தி கேட்டால், "எல்லாப் படத்துலயும் வருவா, பேருதான் தெரியல" என்பாள். இத்தனை வருஷம் நடித்தவருக்கு மிஞ்சியது இதுதானா?

எழுத்தை வெட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

முத்துலட்சுமிக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷுக்கு அம்மாவாக வந்த எஸ்.என்.லட்சுமி, வயதான காலத்தில் சின்னத்திரைத் தொடரிலும் பாட்டியாக நடித்தார். எங்கள் தெருவில் கேட்டால் 'அந்தப் பாட்டி' என்பார்கள், அவ்வளவுதான். தொடர் முடிந்ததும் பெயர்கள் ஓடுகிற ஓட்டத்தில் முதல் எழுத்தைக்கூடப் பிடிக்க முடிவதில்லை. ராசிக்கல் விற்பவரின் போன் நம்பர் மட்டும் படம் முழுக்க நிதானமாக ஊர்கிறது. ராசிக்கல்காரர் பெரிய நடிகராக இருக்க வேண்டும், எங்களுக்குத்தான் தெரியவில்லை.

கோபம் சற்று மிஞ்சிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் புண்ணியத்தில்தான் இந்தப் படங்களை வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம், மறுக்கவில்லை. தயவுசெய்து எழுத்தை முழுசாகப் போடுங்கள். துண்டுக் காட்சியாகப் போட்டால் நடித்தவர் பெயரைச் சரியாகப் போடுங்கள். முத்துலட்சுமி 2008-லேயே காலமாகிவிட்டார். தப்பைத் திருத்தச் சொல்லி அவர் வந்து நிற்கப் போவதில்லை. அடுத்த முறை பூரி காமெடி போடும்போது பட்டையில் 'டி.பி.முத்துலட்சுமி' என்று இருக்கட்டும். இடம் பத்தவில்லை என்றால் இனிஷியலை விட்டுவிடுங்கள், பொறுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருநெல்வேலி ஜில்லா நேயர் ஒருவர்