எழுபது வளைவும் ஒரு தூக்கு ரசமும்

சேந்தமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

ஓசூர் போய்ச் சேர்ந்ததும் போனில் கேட்டாய், "கொல்லிமலை ஏறும்போது ஏன் அப்பா வாயே திறக்கவில்லை, பயமா?" என்று. காற்றுச் சத்தத்தில் பேசினால் கேட்காது என்று சொல்லி மழுப்பிவிட்டேன். உண்மை அது அல்ல. உன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து நான் எண்ணிக்கொண்டு வந்தேன். அடிவாரத்துக் காரவள்ளியில் முதல் வளைவு தொடங்கி மேலே சோளக்காடு போய் நிற்பதற்குள் என் ஹெல்மெட் உன் ஹெல்மெட்டில் இருபத்துமூன்று முறை இடித்தது. மலையில் இருப்பது எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மூன்று வளைவுக்கு ஓர் இடி என்று வைத்துக்கொள்.

நேரில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவாய். காகிதத்தில் எழுதினால் பாதியில் எழுந்து போக மாட்டாய் என்று ஒரு நம்பிக்கை.

முதலில் ஒன்று. உன் கண் நன்றாக இருக்கிறது. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்கிறாய், எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டு இறங்குகிறாய், பஸ் பின்னால் பொறுமையாக வருகிறாய். உன் வயதில் எனக்கு இவ்வளவு நிதானம் கிடையாது. என் குறையெல்லாம் உன் வலது கையைப் பற்றி மட்டும்தான். ஆக்சிலரேட்டரை விளக்கு ஸ்விட்ச் மாதிரி போடுகிறாய், அணைக்கிறாய். பிரேக்கைப் பிடிக்கும்போதாவது கொஞ்சம் இரக்கம் இருக்கிறது. விடும்போது சூடான பாத்திரத்திலிருந்து கையை எடுப்பதுபோல் எடுத்துவிடுகிறாய்.

மேலே இருந்த பள்ளியில் நான் பதினொரு வருடம் அறிவியல் பாடம் எடுத்தது உனக்குத் தெரியும். தினமும் எழுபது வளைவு ஏற்றம், எழுபது வளைவு இறக்கம். வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். மதியச் சாப்பாட்டை உன் அம்மா இரண்டாகப் பிரித்துத் தருவாள்: சோறு டிபன் பாக்ஸில், ரசம் மூடி போட்ட தூக்கில். தூக்கைத் துணிப்பையில் போட்டு, பெட்ரோல் டேங்க் மேல் வைத்து, தொடைக்கு அணைவாக வைத்துக்கொண்டு ஓட்டுவேன். அந்த மூடி அவ்வளவு இறுக்கமானது அல்ல. மாலை வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என் முகத்தைப் பார்க்க மாட்டாள், கால்சட்டையைப் பார்ப்பாள். மஞ்சள் கறை பெரிதாக இருந்தால், "இன்றைக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டதோ?" என்பாள். எந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலும் அப்படி ஒரு தேர்வாளர் கிடையாது.

முதலில் குழிகள்மேல் பழி போட்டேன். அப்புறம் கவனித்தேன். குழியில் வண்டி குதித்தால் ரசம் மேலே எழுந்து உள்ளேயே விழுகிறது. நான் பிரேக்கைத் திடீரென்று பிடித்தாலோ விட்டாலோதான் பக்கவாட்டில் ஏறி மூடியைத் தள்ளுகிறது. வேகமாகப் போன நாளில்கூடச் சிந்தாமல் இருந்திருக்கிறது. மெதுவாகப் போயும் கை பதறிய நாளில் பாதித் தூக்கு காலியாகியிருக்கிறது. ரசத்துக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை, வேகம் மாறுகிற விதம்தான் பொருட்டு. டயருக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

இப்போது ஒன்றைச் சொல்கிறேன், இதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. 1993 நவம்பர், நீ பிறக்கவில்லை, நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. பள்ளி விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். தூறல் நின்று பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, சாலையில் இலைகள் ஒட்டிக் கிடந்தன. ஓர் இடதுபக்க வளைவு. உள்ளே நுழைந்து வண்டியைச் சாய்த்த பிறகுதான் வேகம் அதிகம் என்று தோன்றியது. தோன்றிய கணத்தில் நான்கு விரலும் முன் பிரேக்கைக் கவ்விவிட்டன. நான் கவ்வச் சொல்லவில்லை, விரல்கள் தாமாகவே கவ்வின. முன் சக்கரம் வெளிப்பக்கமாக நழுவியது, அவ்வளவுதான், தரையில் கிடந்தேன். எதிரில் ஓர் ஆடுகூட இல்லை. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தூக்கு மட்டும் கைப்பிடிச் சுவரைத் தாண்டி உருண்டு கீழ்வளைவுச் சாலைக்குப் போய்விட்டது. மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் எடுத்துவந்தேன். சின்ன வயதில் நீ மண் அள்ளி விளையாடிய நெளிந்த தூக்கு அதுதான்.

உன் அம்மாவிடம் மாடு குறுக்கே வந்தது என்று சொன்னேன். கொல்லிமலை மாடுகளை அவள் இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

முழங்கால் ஆறும்வரை வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாத்தியாருக்கு வேறு என்ன வரும்? டயர் சாலையைப் பிடிக்கும் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை நூறு என்று வை. வளைவுக்குச் சாய்ந்து போவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், பிரேக் போடுவதற்கும் அதிலிருந்துதான். வளைவு எண்பதை எடுத்துக்கொண்டால் பிரேக்குக்கு எவ்வளவு மிச்சம்? இருபது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இல்லை, ஏறக்குறைய அறுபது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் இழுக்கின்றன, ஆகவே பிதாகரஸ் கணக்கு. நூறைப் பத்து என்றும் எண்பதை எட்டு என்றும் சுருக்கிக்கொள். பத்தின் வர்க்கம் நூறு, எட்டின் வர்க்கம் அறுபத்துநான்கு, மிச்சம் முப்பத்தாறு, அதன் வர்க்கமூலம் ஆறு, அதாவது அறுபது. இதைப் பார்த்து நிம்மதி அடையாதே. வளைவு தொண்ணூற்றெட்டை எடுத்துக்கொண்டால் மிச்சம் இருபதுதான். எண்பதிலிருந்து தொண்ணூற்றெட்டுக்குப் போக அதிகம் வேண்டாம். அதே வளைவில் வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால் போதும். அன்றைக்கு ஈரத்தில் நூறே ஐம்பதாகக் குறைந்திருக்கும். நான் அங்கே போய் நான்கு விரலால் பிரேக் கேட்டேன்.

வேகத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பத்து மீட்டர் ஆரம் உள்ள வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி சுமார் 17 டிகிரி சாய வேண்டும். 30 கிலோமீட்டரில் போனால் 35 டிகிரி. வேகத்தில் பாதிதான் கூடியது, சாய்வு இரண்டு மடங்காகிவிட்டது. ஆகவே வேகத்தைக் குறைக்கிற வேலையில் பெரும்பகுதி வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, வளைவுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். இது உனக்கும் தெரியும், நீயும் அப்படித்தான் செய்கிறாய். தகராறு அதற்கு அடுத்த நொடியில்.

முன் பிரேக்கைப் பிடித்ததும் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் கால்கள், அமுங்குகிறது, எடை முன் சக்கரத்துக்கு வருகிறது, டயர் சாலையில் அழுந்துகிறது. அழுந்திய பிறகு அந்த டயரால் முன்பைவிட அதிகம் தாங்க முடியும். அதனால்தான் முதலில் இரண்டு விரலால் லீவரைத் தொட்டு, ஃபோர்க் இறங்குவதை உள்ளங்கையில் உணர்ந்து, பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல. இதைச் சொல்லித்தர ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். விடுவதைச் சொல்லித்தர ஒருவரும் இல்லை.

நீ லீவரைப் பட்டென்று விட்டதும் என்ன நடக்கிறது தெரியுமா? அமுங்கியிருந்த ஃபோர்க் துள்ளி எழுகிறது. முன் சக்கரத்தின் மேல் இருந்த எடை ஒரே கணத்தில் பின்னால் ஓடுகிறது. வண்டி வளைவுக்குள் திரும்ப வேண்டிய அந்த இடத்தில், வெளியே போகப் பார்க்கிறது. நீ அதைக் கைப்பிடியை அழுத்திச் சரிசெய்கிறாய். நானோ பின்னால் உட்கார்ந்து ஆடி, உன் ஹெல்மெட்டில் இடித்து எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறேன். வண்டி சாயச் சாய லீவரிலிருந்து விரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர வேண்டும். முழுதாகச் சாய்ந்த இடத்தில் விரலுக்கும் லீவருக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு வந்திருக்க வேண்டும். ஃபோர்க் எழுந்ததே தெரியக் கூடாது.

பிறகு ஆக்சிலரேட்டர். கைப்பிடியைத் திருப்பினால் முதல் சில மில்லிமீட்டர் வெறும் கேபிள் தொய்வு, எஞ்சினுக்கு ஒன்றும் போய்ச் சேராது. நீ அந்தத் தொய்வையும் எஞ்சினையும் ஒரே முறுக்கில் வாங்கிவிடுகிறாய், செயின் 'டக்' என்று இழுபடுகிறது. முதலில் தொய்வை மட்டும் எடு, ஓர் இமைப்பொழுது அங்கேயே நிறுத்து, செயின் இழுபட்டு நின்றது தெரிந்ததும் திற. திறந்த பிறகு, வண்டி நிமிர்ந்து வெளியே வரும்வரை மெல்லக் கூட்டிக்கொண்டே போ. நடுவில் பயந்து மூடாதே. மூடித்தான் ஆக வேண்டும் என்றால் திறந்த அதே நிதானத்தில் மூடு. வண்டி கொஞ்சம் உள்பக்கம் திரும்பிக்கொடுக்கும், கெடுதல் இல்லை. பட்டென்று மூடுவதுதான் கெடுதல்.

ஏற்றத்துக் கொண்டை ஊசியில் இன்னொரு வித்தை உண்டு, ஆர்எக்ஸ் சொல்லிக்கொடுத்தது. இரண்டாவது கியரை முன்பே போட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்துக்கொண்டு, பின் பிரேக்கைச் செருப்பு நுனியால் லேசாகத் தடவிக்கொண்டே திரும்பு. செயின் இறுக்கமாகவே இருக்கும், இழுபறி வராது, வேகத்தைக் கைக்குப் பதிலாகக் கால் பார்த்துக்கொள்ளும். இறக்கத்தில் பின் சக்கரம் எடை குறைந்து கிடக்கிறது, அங்கே பின் பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்று இழுத்துக்கொண்டு போகும். இறக்கத்தில் உன் நண்பன் எஞ்சின் பிரேக்தான், அதாவது கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை மூடினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது. என் காலத்து டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் அது பெயருக்குத்தான் இருந்தது. உன் வண்டியில் நன்றாகவே இருக்கிறது, நியூட்ரலில் விட்டு அதை வீணாக்காதே.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் நின்றுவிடாதபடி தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்பாய். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல் வண்டிகளுக்கு அது கட்டாயம் என்ற விதி 2018இல் நடைமுறைக்கு வந்தபோது சந்தோஷப்பட்டவன் நான். ஆனால் உன் வண்டியில் இருப்பது சக்கரம் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கிற சாதாரண வகை. வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நேர்சாலையில் அது உன்னைக் காப்பாற்றும். வளைவுக்குள் அதை நம்பி இறங்காதே.

இன்னொரு சின்ன விஷயம். வலதுபக்க வளைவில் சாயும்போது சக்கரம் நம் பக்கம்தான் இருக்கிறது, ஆனால் உன் தலை நடுக்கோட்டைத் தாண்டிப் போகிறது. எதிரே வருகிற பஸ்ஸின் வால் வளைவில் எவ்வளவு அகலமாகச் சுற்றும் என்று உனக்குத் தெரியும். கொஞ்சம் இடதாகவே ஓட்டு.

பழகுவதற்கு மலை வேண்டாம். உங்கள் குடியிருப்புக்குப் பின்னால் காலி மனை இருக்கிறது என்றாயே, ஞாயிறு காலை அங்கே போ. 30 கிலோமீட்டர் வேகம், சுண்ணாம்புக்கோடு ஒன்று, கோட்டில் நிற்க வேண்டும். நிற்பதற்குச் சற்று முன்னால் லீவரைத் தளர்த்தி, ஃபோர்க் தலையாட்டாமல் நிற்கிறதா பார். இருபது முறை செய். கை வலித்தால் தப்பாகப் பிடிக்கிறாய் என்று அர்த்தம்.

பொங்கலுக்கு வரும்போது மறுபடி ஏறுவோம். நீ ஓட்டு, நான் பின்னால். நெளிந்த தூக்கைத் தேடி எடுத்துவிட்டேன், ஒட்டடை அடித்துக் கழுவி வைத்திருக்கிறேன். மூடி இன்னும் அதே தளர்ச்சியோடுதான் இருக்கிறது. உன் அம்மா ரசம் தர மாட்டாளாம், தண்ணீர் ஊற்றிக்கொண்டு போங்கள் என்கிறாள்.

இந்தக் கடிதத்தை வீட்டுக்கு எடுத்து வராதே. மாட்டு விஷயம் இதில் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா